புதுப்பிப்பு: ஜவ்வு ஆபரேஷனுக்குப் பின் எலும்பு மஜ்ஜை ஊசி
முட்டி ஜவ்வு ஆபரேஷன் முடிந்தும் கால் முழுசாக நீளவில்லை, எலும்பு மஜ்ஜை ஊசி போடலாமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போட்டுக்கொண்டேன். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, மெஷினில் சுழற்றிப் பிரித்து, அன்றே முட்டிக்குள் செலுத்தினார்கள். எதிர்பாராதது, முட்டியைவிட இடுப்புதான் வலித்தது. ஐந்து நாள் இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. புரூஃபன் கூடாதாம், வெறும் பாராசிட்டமால்தான். இந்த ஊசியில் எல்லோரும் நம்புகிற ஸ்டெம் செல் (வேறு திசுக்களாக வளரக்கூடிய மூலச் செல்) மஜ்ஜை செல்களில் 0.001 முதல் 0.01 சதவீதம்தான் என்று டாக்டர் சொன்னது எல்லாம் முடிந்த அப்புறம்!

வீக்கம் குறைந்தது ஊசியாலா, நாள் போனதாலா, சொல்லத் தெரியவில்லை. கால் நீண்டது மட்டும் நீங்கள் சொன்ன டவல் யோசனையால்தான்: குதிகாலுக்கடியில் சுருட்டிய டவல், பத்து நிமிடம், தினம் நாலு தடவை. மூன்றாவது வாரம் டவலை எடுத்துவிட்டு நீட்டினால், முட்டியின் பின்பக்கம் பாயைத் தொட்டது.