"1.25 லட்சம் வரை வரியே இல்லை": யாரை நம்பி விற்பது?

திருச்சி ரயில்வே (மார்ச் 14, காலை 6:12)
நேற்று இந்தக் குழுவில் எக்ஸெல் தாத்தா எழுதியது இது: "பென்ஷன்காரனுக்கு வரி மென்பொருள் தண்டச்செலவு. மார்ச் 31-க்குள் ஈக்விட்டி ஃபண்டில் 1.25 லட்சம் லாபம் வருகிற அளவுக்கு விற்று, திரும்ப வாங்கிப் போடுங்கள். ஒரு பைசா வரி கிடையாது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஏனென்றால் நான் விற்கவே கிளம்பிவிட்டேன்.

என் 2025-26 கணக்கு: பென்ஷன் 7,35,000. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம், 8.2 சதவீதத்தில் 2,46,000. எஃப்டி வட்டி 2,74,000. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் என்ற நிலையான கழிவு 75,000 போனால் 11,80,000. புதிய வரி முறையில் வருமானம் 12 லட்சம் வரை 87ஏ பிரிவில் வரி முழுக்கத் தள்ளுபடி உண்டு, அதனால் வரி 0. மகன் வாங்கிக் கொடுத்த மென்பொருளில் நீண்டகால லாபம் என்ற கட்டத்தில் 1,20,000 என்று அடித்து டேப் பொத்தானைத் தட்டினேன். கீழே 0 இருந்த இடத்தில் 60,320. அழித்தேன், 0. மறுபடி அடித்தேன், 60,320. மனைவி காபியோடு வந்து "என்ன, டைப்ரைட்டிங் பரீட்சையா?" என்று கேட்டாள்.

20,000 மட்டும் போட்டால் 0 தான். தாத்தா விளக்கட்டும்.

எக்ஸெல் தாத்தா (6:40)
தம்பி, 31 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். 112ஏ பிரிவில் ஈக்விட்டி ஃபண்டின் நீண்டகால லாபத்துக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. வரியில்லாத பணம் எப்படி வரியைக் கூட்டும்? உங்கள் மென்பொருளில் கோளாறு. காசு கொடுத்து வாங்கியதல்லவா, அப்படித்தான் இருக்கும்.

ஆபீஸ் பையன் (7:05)
ஐயா, நான் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறேன். 1.25 லட்சம் விலக்கு பெற்ற வருமானம் இல்லை. அதற்கு மேல் போகிற தொகைக்குத்தான் 12.5 சதவீதம் என்று பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணம் மொத்த வருமானத்துக்குள்ளேயே நிற்கும். 11,80,000-மும் 1,20,000-மும் சேர்ந்தால் 13 லட்சம். 12-ஐத் தாண்டியதும் தள்ளுபடி போச்சு. பென்ஷன், வட்டி மேல் வருகிற வரி 58,000 அப்படியே நிற்கும். வரி மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்தால் 60,320. மென்பொருள் சரி.

எக்ஸெல் தாத்தா (7:11)
1.25 லட்சம் வரை வரியில்லை. இதில் எந்த வார்த்தை புரியவில்லை?

தஞ்சாவூர் டீச்சர் (7:30)
"மொத்த வருமானம்" என்பதற்குச் சட்டத்தில் என்ன பொருள் என்று யாராவது முதலில் சொல்லுங்களேன். ஆளுக்கொரு அர்த்தத்தில் பேசுகிறீர்கள்.

எக்ஸெல் தாத்தா (7:34)
டீச்சர், பொருள் விளக்கமெல்லாம் வகுப்பறையில். இங்கே கணக்கு. என் ஷீட்டில் 14 வருஷக் கணக்கு இருக்கிறது. ஒரு தடவைகூட நோட்டீஸ் வந்ததில்லை.

கோவை மில்ரோடு (8:02)
நோட்டீஸ் உங்களுக்கு வரவில்லை, என் சம்பந்திக்கு வந்தது! போன வருஷம் "பழைய முறைதான் பெரியவர்களுக்கு லாபம், 80டிடிபி பிரிவில் வட்டியிலிருந்து 50,000 கழியும்" என்று இதே தாத்தா எழுதினார். மனுஷர் நம்பிப் போனார். திருச்சி சார் கணக்கைப் பழைய முறையில் போட்டேன். 80சி முதலீட்டுக் கழிவு இல்லாமல் வரி 1,62,760 வருகிறது. லாபமாம் லாபம்.

எக்ஸெல் தாத்தா (8:10)
உங்கள் சம்பந்தி வட்டியை மறைத்தால் நான் என்ன செய்ய? வரித் துறை வைத்திருக்கும் வருமானப் பட்டியலான ஏஐஎஸ்-ஐத் திறந்து பார்க்கச் சொன்னேனே, அதைச் செய்தாரா?

கோவை மில்ரோடு (8:12)
மறைத்தார் என்று யார் சொன்னது? வார்த்தையை அளந்து பேசுங்கள்.

திருச்சி ரயில்வே (8:25)
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா, உங்கள் ஷீட்டில் என் எண்களைப் போட்டால் என்ன வருகிறது? அப்புறம், எனக்கு 64 வயது. தம்பி வேண்டாம்.

எக்ஸெல் தாத்தா (8:31)
சரி, தம்பி இல்லை. 0 வருகிறது. 1,20,000-ஐ நான் வருமானத்திலேயே சேர்ப்பதில்லை, அதனால்தான். விற்றதைத் தனித் தாளில் எழுதி வைப்பேன்.

ஆபீஸ் பையன் (8:33)
😂 சேர்க்காவிட்டால் 0 தான் ஐயா வரும். என் சம்பளத்தையும் சேர்க்காமல் விடலாமா?

எக்ஸெல் தாத்தா (8:50)
சிரியுங்கள். 2024 ஜூலை 5-க்குப் பிறகு என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? வருமான வரித் துறையின் சொந்த ரிட்டர்ன் மென்பொருளே ராத்திரியோடு ராத்திரியாகக் குறுகியகால லாபத்துக்கு 87ஏ தள்ளுபடியைக் காட்ட மறுத்தது. அன்றும் "மென்பொருள் சரி" என்றுதான் உங்களைப் போன்றவர்கள் சொன்னீர்கள். மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பரில் நீதிமன்றம் சொல்லி, ரிட்டர்ன் போடும் கெடு 2025 ஜனவரி 15 வரை நீண்டது. நிரல் எழுதியவன் சட்டம் எழுதுவதில்லை.

ஆபீஸ் பையன் (9:04)
அந்த வழக்கு நியாயமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பழைய கதை. 2025 பட்ஜெட்டிலேயே கதவை மூடிவிட்டார்கள். 2025-26 முதல், பங்கு லாபம் போன்ற சிறப்பு விகித வருமானத்தின் வரிக்குத் தள்ளுபடி இல்லை. இங்கே பிரச்சினை அதுகூட இல்லை. 12 லட்சம் என்ற வேலியைத் தாண்டியதுதான் பிரச்சினை. 1,20,000-க்கு 12.5 சதவீதமான 15,000-ஐ மிச்சம் பிடிக்கப் போய் 60,320 கட்டுவதா?

எக்ஸெல் தாத்தா (9:06)
ஒத்துக்கொண்டாயல்லவா? "நியாயமானதுதான்" என்று எழுதியிருக்கிறாய். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

மன்னார்குடி அம்மா (9:20)
எனக்குக் குடும்ப பென்ஷன். மென்பொருள் 75,000-க்குப் பதில் 25,000 தான் கழிக்கிறது. இது கோளாறா?

ஆபீஸ் பையன் (9:24)
கோளாறு இல்லை அம்மா. குடும்ப பென்ஷனுக்குப் புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது.

எக்ஸெல் தாத்தா (9:25)
என்னிடம் கேட்டிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கோவை மில்ரோடு (9:41)
திருச்சி சார், ஏப்ரலில், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்கிற 15எச் படிவம் கொடுத்தீர்களா?

திருச்சி ரயில்வே (9:47)
தபால் ஆபீஸ், வங்கி இரண்டிலும் கொடுத்தேன். வட்டியில் ஒரு ரூபாய்கூட டிடிஎஸ் வரி பிடிக்கவில்லை.

கோவை மில்ரோடு (9:52)
அப்போது விற்றிருந்தால் "எனக்கு வரி வராது" என்று கையெழுத்துப் போட்டது பொய்யாகியிருக்கும். தாத்தா யோசனையின் இன்னொரு லட்சணம்.

எக்ஸெல் தாத்தா (10:03)
கையெழுத்துப் போட்ட அன்றைக்கு உண்மைதானே? மதிப்பீடு என்றுதான் படிவத்தில் இருக்கிறது. ஒருவேளை வரி வந்தாலும், வரி வராது, வந்தாலும் என்கிறேன், தொழில் வருமானம் இல்லாத 60 வயதுக்காரருக்கு அட்வான்ஸ் டாக்ஸ் கிடையாது. ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும். இதை உங்கள் மென்பொருள் சொன்னதா?

திருச்சி ரயில்வே (10:06)
சொன்னது. முதல் பக்கத்திலேயே.

எக்ஸெல் தாத்தா (10:08)
என்ன விலை அது?

திருச்சி ரயில்வே (10:09)
விலையை விடுங்கள். நான் 20,000 லாபத்துக்கு மட்டும் விற்கப் போகிறேன். மொத்தம் சரியாக 12 லட்சம்.

ஆபீஸ் பையன் (10:15)
சேமிப்புக் கணக்கு வட்டியைச் சேர்த்தீர்களா சார்? 12 லட்சத்தை ஒட்டினாற்போல் நிற்காதீர்கள்.

திருச்சி ரயில்வே (10:31)
...பாஸ்புக்கைத் தேடுகிறேன்.

எக்ஸெல் தாத்தா (10:33)
பார்த்தீர்களா! சேமிப்பு வட்டிக்கு என் ஷீட்டில் தனி வரிசையே உண்டு. காசு கொடுத்த மென்பொருள் கேட்கவில்லையாக்கும்?

ஆபீஸ் பையன் (10:35)
அது கேட்டிருக்கும். சார் காலியாக விட்டிருப்பார்.

தஞ்சாவூர் டீச்சர் (10:44)
இன்னும் யாரும் "மொத்த வருமானம்" என்றால் என்ன என்று சொல்லவில்லை.

எக்ஸெல் தாத்தா (10:50)
இது என் கடைசிப் பதிவு. பேத்தியைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போக வேண்டும். 1.25 லட்சம் வரை வரியில்லை.

கோவை மில்ரோடு (10:52)
நல்லது. என் சம்பந்தியிடம் சொல்கிறேன்.

எக்ஸெல் தாத்தா (10:53)
சம்பந்தியிடம் ஏஐஎஸ்-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.