மழைக்காலத்தில் அடித்த ஸ்கூட்டர் பெயின்ட் உரிகிறது, எங்கே தப்பு செய்தேன்?

ஆற்றங்கரைவாசி (மோல்மேன், மியான்மர்):

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது மியாவடி எல்லை வழியாக வந்த பழைய 125 சிசி ஸ்கூட்டர், வெள்ளை நிறம். எட்டு வருட வெயிலில் வெள்ளை பழுத்த மஞ்சளாகிவிட்டது. போதாததற்குப் பின்பக்க பேனலில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு தேய்த்தும் போகாத கறையாக நின்றுவிட்டது. இந்த ஊரில் வண்டியை எங்கே நிறுத்தினாலும் நாலடி தூரத்தில் ஒரு வெற்றிலைக் கடை இருக்கும், யாரைக் குறை சொல்ல?

போன ஆடியில் நானே கருநீலம் அடித்தேன். பேனல்களைக் கழற்றி, தின்னரில் துணியை நனைத்து நன்றாகத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, ஸ்ப்ரே டப்பாவில் நீலம் மூன்று கோட், மேலே நிறமில்லாத கிளியர் இரண்டு கோட். அன்று சாயங்காலம் பார்த்தால் புது வண்டி. வீட்டுக்காரியே ஒத்துக்கொண்டாள், அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மூன்று மாதத்தில் எல்லாம் போய்விட்டது. கால் வைக்கும் இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் நீள பேனலில் நகத்தால் கீறினால் போதும், வாழைப்பழத் தோல் மாதிரி முழுசாக உரிந்து வருகிறது. சீட்டுக்கு அடியில் பெட்ரோல் மூடியைச் சுற்றிப் பெயின்ட் சுருங்கிப் பிசுபிசுக்கிறது. முன்பக்க மூக்கில் உரியவில்லை, ஆனால் பால் தெளித்தது போல ஒரு வெள்ளைப் படலம். ஸ்க்ரூ மாட்டும் காது இரண்டில் விரிசல் வேறு. கடைக்காரரைக் கேட்டால் ‘மட்டமான டப்பா, விலை கூடினதை வாங்கு’ என்கிறார். தைப்பூசத்துக்குள் திரும்ப அடிக்க வேண்டும். எந்த டப்பா வாங்கலாம்?

பெகு பெயின்டர்:

தம்பி, டப்பாவை விடுங்கள். இருபது வருடம் இதே வேலையாக இருந்தவன் சொல்கிறேன், உங்கள் வண்டிக்கு நாலு வியாதி, நாலுக்கும் காரணம் வேறு வேறு. ஒரே மருந்து தேடினால் மறுபடியும் உரியும்.

முதலில் அந்த நீள பேனல். ஸ்கூட்டர் பேனல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் இல்லை. பளபளப்பாக வெளியே தெரிகிற பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக். கீழே சேறு படுகிற, சொரசொரப்பான கறுப்பு பேனல்கள் பெரும்பாலும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், நம் வீட்டுத் தயிர் டப்பா ஜாதி. தயிர் டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டிப் பாருங்கள், ஓரம் கிளம்பும். பெயின்டுக்கும் அதே கதிதான். பேனலின் உள்பக்கச் சேற்றைத் துடைத்தால் இரண்டு அம்புக்குறிக்கு நடுவே எழுத்து அச்சாகி இருக்கும். அது அழிந்திருந்தால் உள்பக்கத்தில் தெரியாத இடத்தில் ஒரு சிறு துணுக்கு சீவி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பிபி. அடியிலேயே கிடந்தால் ஏபிஎஸ்.

இரண்டாவது பெட்ரோல் மூடி. டப்பாவில் வரும் சாதாரணக் கிளியர் காற்றில் காய்கிறதே தவிர கெட்டிப்படுவதில்லை. பெட்ரோல் பட்டால் திரும்ப இளகிவிடும். ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர்தான் அங்கே நிற்கும். டப்பாவிலேயே வருகிறது, அடியில் ஒரு பித்தான் இருக்கும், அமுக்கினால் உள்ளே ஹார்டனர் உடைந்து கலந்துவிடும். பித்தானை அமுக்கிய பிறகு மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு என்று எடுத்து வைக்க முடியாது, டப்பாவுக்குள்ளேயே கல்லாகிவிடும். ஆகவே எல்லா பேனலையும் வரிசையாக வைத்துக்கொண்டு அப்புறம் அமுக்குங்கள்.

மூன்றாவது வெள்ளைப் படலம். ஆடி மாதம், மோல்மேன், ஸ்ப்ரே! இந்த மூன்றையும் ஒரே வரியில் படித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பேனலின் மேல்பரப்பு குளிர்ந்துபோகும். மழைக்காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் பனி மாதிரி படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் பால். மழை விட்டு வாடைக்காற்று வந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் ஆற்றுப் பனி விலகியதும், நிழலில் அடியுங்கள். வெயிலில் வைத்து அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே குமிழ் நிற்கும்.

நாலாவது விரிசல், அது உங்கள் தின்னர் செய்த வேலை. ஏபிஎஸ்-க்குத் தின்னர் ஆகாது. அதிலும் ஸ்க்ரூ இழுத்துப் பிடித்திருக்கும் காதில் பட்டால் சத்தமில்லாமல் பிளக்கும். ஸ்க்ரூ கழன்றுவிடக் கூடாது என்று சிலர் மரையில் விடும் பசையும் இதே சேட்டையைச் செய்யும்.

யாங்கூன்காரன்:

எங்கள் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கே 2003-லிருந்து தடை, அதனால் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், இவ்வளவு பாடு எதற்கு? வினைல் ஸ்டிக்கர் சுற்றினால் ஒரு நாளில் முடிந்ததே?

பெகு பெயின்டர்:

ஏபிஎஸ்-இல் சுற்றலாம், நன்றாகவே இருக்கும். பிபி-இல் தயிர் டப்பா கதைதான். தம்பிக்கு உரிவதே கீழ் பேனல்.

ஆற்றங்கரைவாசி:

அண்ணே, சீவிப் போட்டுப் பார்த்தேன். கீழ் பேனல் துணுக்கு மிதந்தது, மூக்குத் துணுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் இரண்டும் இப்போது வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக்கை எல்லாம் வாளியில் போட்டுப் பார்க்கிறார்கள். சரி, பிபி-க்கு என்ன அடிப்பது? நீங்கள் முறையைச் சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன்.

பெகு பெயின்டர்:

பிபி-இல் உரிகிறதை முழுக்க உரித்துவிடுங்கள், தானே வருவது நல்லதுதான். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பும் சாம்பல் நிற ஸ்க்ரப்பரும் வைத்துத் தேயுங்கள். உப்புத்தாளால் முரட்டுத்தனமாகத் தேய்த்தால் பிபி பஞ்சு பஞ்சாக எழும், பெயின்டுக்கு மேலேயும் அந்த மயிர் தெரியும். கழுவியதும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே போர்வையாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் மெழுகோ சிலிக்கான் பாலிஷோ இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பளபளப்புக்கு ஒன்று அடித்து விடுவார்களே, அதுதான் சனியன். அது இருந்தால் பெயின்ட் அங்கங்கே மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும்.

காய்ந்த பிறகு பிபி-க்கு என்றே எழுதியிருக்கும் பிளாஸ்டிக் பிரைமர் வாங்கி மெல்லிசாக ஒரு கோட், உள்ளே தெரிகிற அளவு மெல்லிசு. தடியாக அடித்தால் கூடுதலாக ஒட்டாது. டப்பாவில் எழுதிய நேரத்துக்குள் நிறம் ஏறிவிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகாதீர்கள்.

மூக்கில் பழைய பெயின்ட் பிடித்துத்தானே இருக்கிறது, அதை எடுக்க வேண்டாம். 600 வாட்டர் பேப்பரில் பளபளப்பு போகும்வரை தேய்த்து, காயவிட்டு, நிறம் அடியுங்கள். எந்த பேனலுக்கும் ஒரு சாண் தூரத்தில் கை நிற்காமல் ஓட வேண்டும். முதல் கோட்டிலேயே மூடப் பார்த்தால் வழியும்.

கொல்லைப்புறத்துக்காரி (தாட்டோன்):

நடுவில் ஒரு வார்த்தை. டூ-கே கிளியர் அடிக்கும்போது முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சோடு நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமாவே வரும். என் தம்பி துணி மாஸ்க்கோடு இரண்டு வண்டி அடித்தான், அதிலிருந்து பெயின்ட் வாசனை பட்டாலே அவனுக்கு மூச்சு இழுக்கிறது. ஆவியைப் பிடிக்கிற வடிகட்டி உருளை வைத்த மாஸ்க் வாங்குங்கள், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்த வெளியில் அடியுங்கள். பிள்ளைகளை வாளியோடு வேறு பக்கம் அனுப்பிவிடுங்கள்.

பெகு பெயின்டர்:

அக்கா சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் காலத்தில் யாரும் கட்டவில்லை, அதனால் நினைவிலும் வருவதில்லை.

ஆற்றங்கரைவாசி:

நன்றி அக்கா, மாஸ்க் வாங்கிய பிறகுதான் டப்பாவைத் தொடுவேன். அண்ணே, கடைசியாக ஒன்று. அந்த உடைந்த காதுகள்? சூப்பர் குளூ போட்டுப் பார்த்தேன், ஒரு குழி தாண்டுவதற்குள் விட்டுவிட்டது.

பெகு பெயின்டர்:

பெயின்டுக்கு முன்னால் அதை முடியுங்கள். பழைய சாமான் கடையில் உடைந்த ஏபிஎஸ் பேனல் ஒன்று கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். அதைச் சீவி, கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் ஒரு ராத்திரி ஊறப் போட்டால் காலையில் தேன் பதத்துக்கு வந்திருக்கும். விரிசலில் அதை விட்டு, உள்பக்கம் மெல்லிய கம்பி வலை ஒரு துண்டு வைத்து அதன் மேலும் பூசுங்கள். இரண்டு நாள் தொடாதீர்கள். தின்னர் ஆகாது என்றவன் அசிட்டோன் ஊற்றச் சொல்கிறானே என்று கேட்பீர்கள். இங்கே கரைவதுதான் வேண்டும், பழசும் புதுசும் ஒன்றாகக் கரைந்து ஒரே துண்டாகும். ஆனால் பிபி-இல் இது நடக்காது, ஆகவே காது உடைந்தது எந்த பேனல் என்று பார்த்துவிட்டு ஊறப் போடுங்கள்.

ஆற்றங்கரைவாசி:

இரண்டுமே மூக்கில்தான், அண்ணே. குப்பி தேடிக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்காரி ஊறுகாய் குப்பியைத் தரமாட்டேன் என்கிறாள்.