தனியாக மரம் வெட்டும் தொழில்: கூலியை எதை வைத்துப் பேசுவது?

சேலையூரான் (கேள்வி):

வணக்கம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் ஒரு மேஸ்திரியிடம் மேல் ஆளாக மரம் ஏறிக்கொண்டிருந்த நான், கடந்த தை மாதம் முதல் சொந்தமாக வேலை பிடித்துச் செய்து வருகிறேன். ஒரு செயின் சா, இரண்டு வடக்கயிறுகள், இடுப்புப் பட்டை, கை ரம்பம், அரிவாள் ஆகியவை என் கைவசம் உள்ளன. கீழே கயிறு பிடிக்க என் மைத்துனரும் அவருடைய நண்பரும் வருகிறார்கள். வேலைக்குக் குறைவில்லை, கூலி பேசும் இடத்தில்தான் தடுமாறுகிறேன். "மரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள், பிறகு கூலி எதற்கு?" என்று பாதி வீடுகளில் கேட்கிறார்கள்.

இப்போது ஒரு தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு பெரிய கிளை பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் சாய்ந்திருக்கிறது. இன்னொன்று தெருக் கம்பியைத் தொடும் நிலையில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பு மரத்தை மொட்டையடித்துவிட வேண்டும் என்பது வீட்டுக்காரரின் விருப்பம். இதற்கு என்ன கணக்கில் கூலி சொல்வது? கம்பிப் பக்கத்தை யாரிடம் பேசுவது? ஏதாவது ஆகிவிட்டால் எங்களுக்குக் காப்பீடு என்று ஒன்று உண்டா?

வடக்கயிறு (பதில்):

தம்பி, மரத்தின் பருமனை வைத்துக் கூலி பேசுவதை முதலில் விட்டுவிடுங்கள். வெட்டும் துண்டு எங்கே விழப்போகிறது என்பதுதான் கூலியை முடிவு செய்ய வேண்டும். திறந்த மனையில் நிற்கும் வேம்பை அடிவெட்டுப் போட்டு ஒரே தடவையில் சாய்த்துவிடலாம். அதே வேம்பு இரண்டு மதில்களுக்கு நடுவில் நின்றால், ஒவ்வொரு துண்டையும் கட்டி, மேல் கவட்டையில் கயிற்றைப் போட்டு, கீழே அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். பச்சை மரத்தில் ஓரடிக் குறுக்களவும் பத்தடி நீளமும் கொண்ட ஒரு துண்டு ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். அது நான்கடி விழுந்த பிறகு கயிறு பிடித்தால், கயிற்றின்மேலும் கட்டிய கவட்டையின்மேலும் வரும் இழுப்பு அந்த எடையைப் போல் பல மடங்காகிவிடும். ஆகவே உங்கள் தூங்குமூஞ்சியில் கூரைப்பக்கக் கிளைக்குத் தனிக் கணக்கும், மற்றக் கிளைகளுக்கு வேறு கணக்கும் வைத்துப் பேசுங்கள். பேசுவதற்கு முன்பு பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருமுறை மரத்தைப் பாருங்கள். கீழிருந்து தெரியாத பட்டுப்போன கிளையும், பொந்தும், கடந்தைக் குளவிக் கூடும் அங்கிருந்துதான் தெரியும். முசுறு எறும்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அது இந்தத் தொழிலில் நமக்குக் கிடைக்கும் இலவச இணைப்பு.

மரத்தின் விலை பற்றிய பேச்சுக்கு வருகிறேன். வீட்டு மரத்தை வாங்க அறுவை மில்காரர்கள் தயங்குவார்கள். கொடிக்கயிறு கட்ட அடித்த ஆணி, பெயர்ப்பலகை மாட்டிய கம்பி, எப்போதோ சுற்றிய முள்கம்பி எல்லாவற்றையும் மரம் உள்ளே இழுத்துக்கொண்டு வளர்ந்திருக்கும். வாள் அதில் பட்டால் பல் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். நேரான அடிமரமுள்ள வேம்புக்கும் மாவுக்கும் ஏதோ விலை கிடைக்கும். மயில்கொன்றை, வாதாம், முருங்கை போன்றவற்றில் வண்டி வாடகை கூடத் தேறாது. எனவே கூலியையும் மரத்தையும் தனித்தனியாகப் பேசி, மரத்துக்கு ஒரு தொகை வருமானால் அதைக் கூலியில் கழித்துக்காட்டுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வார்கள். தழையையும் மிளாறையும் அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு, குட்டி யானை வண்டிக்கு வாடகை யார் கொடுப்பது, அடிக்கட்டையைத் தோண்டுவது கூலியில் சேருமா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. இந்தத் தொழிலில் நான் கண்ட சண்டைகளில் பெரும்பாலானவை வெட்டியதால் வந்தவை அல்ல, வெட்டிய பிறகு கிடந்த தழையால் வந்தவை.

மொட்டையடிக்கும் வேலையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மொட்டையடித்த கட்டையின் விளிம்பில் கொத்தாக வரும் புதுக் கிளைகளுக்குப் பிடிமானம் மிகக் குறைவு. அவை தடித்து வளரும் காலத்தில் உள்ளே வெட்டுவாய் அழுகத் தொடங்கியிருக்கும். சில ஆண்டுகளில் அதே வீட்டின்மேல் அதே மரம் முன்பைவிட மோசமாக முறியும். அதற்குப் பதிலாக, காற்று ஊடுருவும்படி உள்கிளைகளைக் கழித்துவிட்டு, கூரைமேல் போகும் கிளையை ஒரு பக்கக் கிளை பிரியும் இடம்வரை குறைத்துக்கொடுங்கள். முதலில் அடியிலிருந்து கால்பங்கு அறுத்து, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிய பிறகு, மிஞ்சிய கட்டையை அடித்தண்டோடு சேரும் புடைப்பை ஒட்டி வெட்டினால், பட்டை கிழியாது, காயமும் விரைவில் மூடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்களை வெட்டி எடுத்தவர்களுக்கு, தலை கனத்து வேர் பிடிக்காத மரங்கள் எப்படிப் பெயர்ந்தன என்பது நன்றாக நினைவிருக்கும்.

மரம் மதிலுக்கு வெளியே, தெருவில் நிற்பதாக இருந்தால் வீட்டுக்காரர் சொல்லை நம்பி வெட்டாதீர்கள். பொது இடத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழு வரை போய் அனுமதி பெற வேண்டியிருக்கும். சந்தனமாக இருந்தால் சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

எல்.சி. (பதில்):

மின்வாரியத்தில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கம்பிப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிளை கம்பிக்கு அருகில் இருந்தால் வீட்டின் மெயின் சுவிட்சை அணைப்பதால் எந்தப் பயனும் இல்லை; அது தெருக் கம்பியை ஒன்றும் செய்யாது. உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் வீட்டுக்காரரைக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தப் பகுதியில் மின்சாரம் நிறுத்தும் நாளில் வேலையை வைத்துக்கொண்டால் இருவருக்கும் எளிது. லைன்மேன் எல்.சி. (லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்டு, "ஏறலாம்" என்று தம் வாயால் சொன்ன பிறகே ஏறுங்கள். மின்சாரம் நின்றுவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்வதை வைத்து ஏறக் கூடாது, ஏனென்றால் முறையாக இணைக்காத ஒரு ஜெனரேட்டர் எந்த வீட்டிலிருந்தும் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாம். பச்சைக் கிளையும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். 11,000 வோல்ட் கம்பியாக இருந்தால் தொடவே வேண்டாம், அருகில் போனாலே தாவிவிடும்.

மின்கம்பிக்குக் கீழே போகும் கேபிள் டிவி, இணைய வயர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றை அறுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மாலைக்குள் தெருவே உங்கள்மேல் பாயும்.

சேலையூரான்:

இருவருக்கும் நன்றி. வடக்கயிறு ஐயா சொன்னபடி இரண்டு கணக்காகப் பிரித்துச் சொன்னதில், வீட்டுக்காரர் மொட்டையடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டார். பிரிவு அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்திருக்கிறார். காப்பீடு பற்றி யாராவது சொல்ல முடியுமா?

பேராவூரணி தென்னை (பதில்):

வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் நீங்கள் மூவரும் உடனே சேருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சமும், பகுதி ஊனத்துக்கு 1 லட்சமும் கிடைக்கும். கை முறிந்து மருத்துவமனையில் படுத்தால் அந்தச் செலவை இத்திட்டம் தராது. பக்கத்து வீட்டுக் கூரை உடைந்தாலும் தராது. தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா என்ற தனித் திட்டம் இருக்கிறது. நீங்கள் தேங்காய் பறிக்கும் வேலையும் செய்பவராக இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

மழைக்காலம் வருவதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் சாய்ந்த மரங்களாகக் கிடந்தன. வெளியூர்களிலிருந்தெல்லாம் ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். நின்ற மரத்தை வெட்டிப் பழகியவருக்குச் சாய்ந்த மரம் புதிய வேலை. வேரோடு பெயர்ந்து படுத்திருக்கும் மரத்தின் தண்டை அறுத்ததும், மேலே இழுத்துப் பிடித்திருந்த எடை போய்விடுவதால், வேர்மண்ணோடு அடிக்கட்டை சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் அமர்ந்துவிடும். அந்தக் குழியில் யாரும் நிற்கக் கூடாது. வில்லாக வளைந்து கிடக்கும் கிளையில் நெருக்குண்டிருக்கும் உள்வளைவில் முதலில் சிறிது அறுத்துவிட்டு, இழுபட்டிருக்கும் வெளிப்புறத்திலிருந்து முடிக்க வேண்டும். மாற்றி அறுத்தால் ரம்பம் சிக்கிக்கொள்ளும் அல்லது கிளை பிளந்து முகத்தில் அடிக்கும். புயலுக்கு மறுநாள் அவசரப்பட்டு அழைப்பவர்களிடம், கம்பி எதுவும் மரத்தின் அடியில் கிடக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.