சாமி அலமாரிக்குள் எல்இடி பட்டை: கதவைச் சாத்தினால் சூடு தாங்கவில்லை

ஈசூன்வாசி:
எங்கள் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சாமிக்கென்று தனி அறை கிடையாது. கூடத்து மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிதான் பூஜையறை. போன மாதம் அதன் உள்விளிம்பு முழுக்க 5 மீட்டர் எல்இடி பட்டை ஒட்டினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கதவைச் சாத்தி இரண்டு மணி நேரம் எரியவிட்டால் உள்ளே 44 டிகிரி, கூடத்தில் 31தான். மாலையில் தேக்கா கடைத்தெருவிலிருந்து வாங்கிவந்து போடும் மல்லிகைச் சரம், படுக்கப் போவதற்குள் ஓரம் பழுத்துச் சுருண்டுவிடுகிறது. நேற்று பசை இளகி, பட்டை முருகன் படத்தின்மேல் தொங்கியது. எல்இடி சுடாது என்றார்களே? மாலை முழுக்க சாமி வெளிச்சத்தில் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அணைக்கச் சொல்ல மனம் வரவில்லை.

பழைய வயர்மேன்:
தங்கச்சி, மூன்று விஷயம் சொல்லுங்கள். எண்ணெய் விளக்கை உள்ளேயா ஏற்றுகிறீர்கள்? அடாப்டர் எங்கே இருக்கிறது? பட்டையிலும் அடாப்டரிலும் என்ன எழுதியிருக்கிறது?

ஈசூன்வாசி:
விளக்கு வெளியே தாம்பாளத்தில்தான், அண்ணா. அடாப்டர் உள்ளே, மேல்தட்டில் கற்பூரப் பொட்டலத்துக்குப் பக்கத்தில். பட்டையில் மீட்டருக்கு 14.4 வாட். அடாப்டரில் 12 வோல்ட், 5 ஆம்ப்.

பழைய வயர்மேன்:
முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தக் கற்பூரத்தை எடுங்கள். மீதியை அப்புறம் பார்ப்போம்.

5 மீட்டருக்கு 72 வாட், அதாவது 6 ஆம்ப். உங்கள் அடாப்டர் தருவது 5தான். தாங்காத சுமையை இழுக்கிறது. எல்இடியின் சூடு குண்டு பல்புபோல முன்னால் வீசாது, பின்பக்கமாக இறங்கும். பின்னால் இருப்பது மரம், சூட்டைக் கடத்தாது. பசை இளகியது அதனால்தான். வெளிச்சமும் பெட்டிக்குள் பட்டுப் பட்டு கடைசியில் சூடாகத்தான் மாறும்.

அடாப்டரை வெளியே கொண்டுவாருங்கள். உள்ளே 12 வோல்ட் கம்பி மட்டும் போகட்டும். பட்டையைக் குறையுங்கள்: மூன்று பல்புக்கு ஒருமுறை கத்தரிக்கோல் குறி இருக்கும், அங்கே மட்டும் வெட்டவேண்டும். 230 வோல்ட் பக்கம் எதையும் மாற்றவேண்டி வந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். நீங்களே கைவைக்காதீர்கள்.

பொங்கோல் தச்சர்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே, பட்டையை அலுமினியச் சேனலில் (நீளமான உலோகத் தகட்டுப் பட்டியில்) ஒட்டிப் பொருத்துங்கள், அது சூட்டைக் கடத்திவிடும். மின்னணுப் பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் டவர் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். சிலிக்கோன் உறை போட்ட பட்டை வீட்டுக்குள் தேவையில்லை, அது சூட்டைப் பிடித்து வைக்கும். பின்பலகையில் அடியில் இரண்டு துளை, மேலே இரண்டு துளை. சூடான காற்று தானாக மேலே ஏறி வெளியே போகும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் துளை போட்டும் பயனில்லை. நான் செய்து கொடுத்த அலமாரி ஒன்றில் சின்ன மின்விசிறி வைத்துப் பார்த்தேன். சத்தம் ஒரு பக்கம், பூ இன்னும் சீக்கிரம் காய்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஈசூன்வாசி:
இரண்டு பேருக்கும் நன்றி. முன்விளிம்பில் 2 மீட்டர் மட்டும் விட்டு மீதியை வெட்டிவிட்டேன். அதுவே 29 வாட்டுக்குள் அடங்கிவிட்டது. சேனல் போட்டாயிற்று, அடாப்டர் வெளியே, துளைகளை மாமா போட்டுக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 35 டிகிரி. வெளிச்சம் குறைந்ததே என்று அம்மாவிடம் தயங்கித்தான் கேட்டேன். முன்பு கண் கூசியது, இப்போதுதான் முருகன் முகம் தெரிகிறது என்றார். நேற்றைய சரம் காலையிலும் வாசனையோடு இருந்தது.