இந்த சீசனில் சென்னையின் எஃப்சி எங்கே முடிக்கும்? மனதை விட்டு நீங்காத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

பெரியமேட்டு நீலம்

2026 பிப்ரவரி 14ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து (ஐஎஸ்எல்) தொடங்கும் என்று அறிவித்ததிலிருந்து சென்னையின் எஃப்சி ரசிகர்களான நம்மிடையே ஒரே விவாதம்தான் நடந்துகொண்டிருக்கிறது. வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் பாதி சீசன் கரைந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் முதல்நிலை அணியின் பணிகளையே நிறுத்தி வைக்கும் நிலைக்கு நம் கிளப் வந்தது. இப்போது 14 அணிகள், ஒவ்வோர் அணியோடும் ஒரே ஒரு முறை, ஆகமொத்தம் 91 ஆட்டங்கள். நமக்கு 13 ஆட்டங்கள்தான். கடந்த முறை 13 அணிகளில் 11ஆம் இடம் பிடித்த அணி, இவ்வளவு குறுகிய லீக்கில் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை.

2025 ஜனவரியில் நம் நேரு விளையாட்டரங்கிலேயே கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-1 என்று தோற்ற இரவு உங்களுக்கு நினைவிருக்கும். சென்ட்ரல் மெட்ரோ நடைமேடையில் என் அருகே ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர் அணிந்திருந்த நீல ஜெர்சியின் முதுகில் இருந்த, நம் பழைய வீரர் எலானோவின் பெயரில் பாதி எழுத்துகள் உதிர்ந்திருந்தன. "தம்பி, அடுத்த சீசன்ல நாம எங்க முடிப்போம்?" என்று கேட்டார். அடியில் கிடந்துதான் நம் அணி எப்போதும் எழும் என்று நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "எழுந்திருக்கிறதுக்கு யாராவது பந்தை வலைக்குள்ள போடணுமே, யாரு போடுவா, ஒரு பேரு சொல்லு" என்றார். ரயில் வந்துவிட்டது, அவர் ஏறிக்கொண்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னைத் துளைத்துக்கொண்டே இருக்கிறது. இதுபோன்ற சந்திப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

சைதைவாசி

அந்தப் பெரியவரிடம் 2015ஐப் பற்றி யாராவது பேசியிருக்க வேண்டும். அந்த நவம்பரில் நாம் பட்டியலின் அடியில் கிடந்தோம் என்பதும், கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தோம் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே நேரத்தில் ஊர் என்ன நிலையில் இருந்தது என்பதைப் புதிய ரசிகர்கள் பலர் அறிய மாட்டார்கள்.

டிசம்பர் முதல் வாரம் அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் புகுந்து வடிந்தபின், எதிர்வீட்டுப் பையன் ஒருவன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நனைந்த பாய், தலையணை, பள்ளிப் புத்தகங்களுக்கு நடுவே சென்னையின் எஃப்சி கொடியையும் விரித்துக் காயவைத்திருந்தான். சேற்றுக் கறை படிந்து, நீலமா பழுப்பா என்று தெரியாத நிறத்தில் இருந்தது. கொல்கத்தாவுடனான அரையிறுதியின் முதல் ஆட்டத்தை நம் ஊரில் நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள் என்ற செய்தியை அவனிடம் சொன்னேன். "நம்ம மேட்ச்சை வேற ஊர்ல ஆடினா யாருண்ணா கத்துவாங்க?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. டிசம்பர் 12 அன்று மருந்துக்கடை ஜெனரேட்டரில் மின்னேற்றிய என் கைப்பேசியில், அவனும் நானும் தெருவில் வேறு சிலருமாக நின்று அந்த 3-0 வெற்றியைப் பார்த்தோம். ஒரு வாரம் கழித்து கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் 90ஆவது நிமிடம் நெருங்கும்வரை 2-1 என்று பின்தங்கியிருந்து, கோவா கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட, அடுத்து நம் முன்கள வீரர் மென்டோசா அடித்த கோலால் 3-2 என்று கோப்பையை வென்றது நம் அணி.

அந்த ஆண்டும் லீக் கட்டத்தில் நமக்கு 14 ஆட்டங்கள்தான் இருந்தன. ஆகவே ஆட்டங்கள் குறைவு என்பதைக் காரணமாகக் காட்டி இந்த சீசனை இப்போதே கைகழுவுவதை நான் ஏற்கவில்லை.

ஜீஜே ரசிகன்

சைதைவாசி சொன்ன வெள்ளக் காலத்தை நானும் இதே ஊரில் கடந்தவன்தான். ஆனால் அவருடைய கணக்கில் ஓர் அடிப்படை விஷயம் விடுபட்டுள்ளது. 2015இல் நாம் லீக் பட்டியலில் மூன்றாம் இடம். 2017-18இல் இரண்டாம் இடம். இரண்டு கோப்பைகளும் அரையிறுதி, இறுதி என்ற நாக்-அவுட் கட்டத்தால் கிடைத்தவை. இந்த முறை 91 ஆட்டங்களோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. பட்டியலில் யார் தலையில் இருக்கிறாரோ அவரே சாம்பியன். கடைசி நான்கு ஆட்டங்களை வென்று மூன்றாம் இடத்துக்கு ஏறினால் மூன்றாம் இடம்தான் மிஞ்சும்.

இதில் என்னை உறுத்தும் சந்திப்பு 2014 டிசம்பரில் நடந்தது. அந்த முதல் சீசனில் லீக் கட்டத்தில் நாம்தான் முதலிடம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் கொச்சியில் 3-0 என்று தோற்றுவிட்டு வந்து, இங்கே இரண்டாம் ஆட்டத்தில் 90ஆவது நிமிடத்தில் நம் ஜீஜே அடித்த கோலால் கூட்டுக் கணக்கைச் சமன் செய்தோம். அரங்கமே நிலைகொள்ளாமல் குதித்தது. கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடமே இருந்தபோது கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரே ஒரு கோல் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் மஞ்சள் ஜெர்சியில் ஒரு மலையாளி நண்பர் இருந்தார். தன் கூட்டத்தோடு சேர்ந்து கூத்தாடாமல் என் தோளில் கைவைத்து, "லீக்கில் முதலில் வந்தது நீங்கள், இறுதிக்குப் போவது நாங்கள், இது நியாயமான முறை இல்லை" என்று உடைந்த தமிழில் சொன்னார். அன்று பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்குத் தனிக் கேடயம்கூடக் கிடையாது. அது 2019-20 முதல்தான் வந்தது. அவர் நியாயம் என்று கருதிய முறை இப்போது வந்திருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் நிலையில் நம் அணி இல்லை என்பதுதான் என் வேதனை.

கோவை ரசிகை

பட்டியலை மட்டும் வைத்துச் சாம்பியனைத் தீர்மானிப்பதில் தமிழ்நாட்டு அணிக்கு அனுபவம் உண்டு என்பதை இங்கே யாருமே சொல்லவில்லை. 2018-19இல் ஐஎஸ்எல்லுக்கு இணையாக நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி, அதுவும் எங்கள் கோவை நேரு விளையாட்டரங்கில், கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி. சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். ஆட்டம் முடிந்து காந்திபுரம் பேருந்தில் நாங்கள் சிலர் ஆரவாரத்தோடு ஏறியபோது, நடத்துநர் பயணச்சீட்டைக் கிழித்துக்கொண்டே, "சென்னை டீம்தானே, லீக்ல கடைசியில கெடக்குதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, எதுக்கும்மா இத்தனை கொண்டாட்டம்?" என்று கேட்டார். அவர் சொன்னதும் உண்மைதான்: அதே சீசனில் சென்னையின் எஃப்சி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு ஐஎஸ்எல் பட்டியலின் கடைசி இடத்தில் இருந்தது. இரண்டும் வெவ்வேறு அணிகள் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் முன்படிக்கட்டுக்குப் போய்விட்டார். நாட்டின் லீக் சாம்பியன் அணியைத் எங்கள் ஊர்ப் பேருந்திலேயே ஒருவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

வியாசர்பாடி பயிற்சியாளர்

என் சந்திப்பு சிறியது. எங்கள் மைதானத்தில் பயிற்சிக்கு வரும் ஒரு சிறுவன், 2018இல் கோப்பையைத் தூக்கிய அணியின் நடுக்களத்தில் நம் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் ஆடினார் என்று நான் சொன்னபோது நம்ப மறுத்தான். "இப்ப யாரு சார் நம்ம ஏரியால இருந்து?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

அதைவிட முக்கியமாக, மேலே எழுதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓர் அணியின் வாய்ப்பைக் கணிக்க பழைய அதிசயங்கள் உதவாது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்பதுதான் உதவும். 2017-18இல் 18 ஆட்டங்களில் 32 புள்ளி எடுத்தோம். அதே வேகத்தில் ஆடினால் 13 ஆட்டங்களில் 23 புள்ளி வரும். 2019-20இல் எடுத்த 29ஐ அதேபோல் கணக்கிட்டால் 21 வரும். எனவே 20ஐத் தாண்டினால் நல்ல சீசன் என்று இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் பயிற்சியாளரை மாற்றச் சொல்லிக் கூச்சலிடாதீர்கள். இந்த சீசனின் தலைமைப் பயிற்சியாளர் கிளிஃபோர்ட் மிராண்டாவுக்கு அணியைத் தயார்செய்யக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. 2025 அக்டோபரில் சூப்பர் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலிடம் 4-0 என்று தோற்றதைக் கொண்டு அவரை எடைபோடுவது சரியல்ல.

அடுத்து, மைதானத்துக்கு வருபவர்கள் ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்பே வந்து, வார்ம்-அப்பில் கார்னரை யார் எடுக்கிறார், பந்து எந்தக் கம்பத்தை நோக்கி விழுகிறது, யார் யாரை மறித்து வழிவிடுகிறார் என்று பாருங்கள். குறுகிய காலத்தில் சேர்ந்த அணியால் அழகான பாஸிங் ஆட்டத்தைக் கட்டியெழுப்ப முடியாது. கார்னரையும் ஃபிரீ கிக்கையும் பழகிவிட முடியும். பெங்களூரில் நடந்த 2018 இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்சியின் சேத்ரி 9ஆவது நிமிடத்திலேயே கோல் போட்டபின், நம் மெயில்சன் ஆல்வஸ், கிரிகரி நெல்சனின் கார்னர்களில் இருந்து தலையால் முட்டி இரண்டு கோல் அடித்தார். அவர் தடுப்பாட்டக்காரர் என்பதை மறக்க வேண்டாம். பந்தை யார் வலைக்குள் போடுவார் என்று பெரியமேட்டு நீலத்திடம் கேட்ட பெரியவருக்கு அதுவே விடை: முன்கள வீரர்தான் போட வேண்டும் என்பதில்லை. கோல்கீப்பரைத் திட்டுவதையும் நிறுத்துங்கள். இளம் வீரர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கச் சொல்லும் நாமே, அவர்கள் முதல் தவறு செய்ததும் கேலியாக விசில் அடிக்கிறோம்; எங்கள் பிள்ளைகள் அதை மேல் கேலரியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கதவடைத்த இறுதி

பயிற்சியாளர் அவர்களே, கார்னர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பழைய அதிசயங்கள் உதவாது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 2019-20இல் டிசம்பரில் ஓவன் காயல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது நாம் எங்கே கிடந்தோம் என்பதை எண்ணிப் பாருங்கள். முன்கள வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார், நான்காம் இடம் பிடித்தோம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6-5 என்று கடந்தோம். அதே ஃபட்டோர்டாவில், மார்ச் 14 அன்று, கொரோனா காரணமாகப் பார்வையாளர் இல்லாமல் இறுதியாட்டம் நடந்தது. என் நண்பர் ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். 69ஆவது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் கோல் அடித்தபோது தொலைக்காட்சியில் கூட்டத்தின் இரைச்சலே இல்லை. வீரர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பது தெளிவாகக் கேட்டது. "நாம அங்க இருந்திருந்தா இன்னொண்ணும் போட்டிருப்பாங்க" என்றார் நண்பர். 3-1 என்று கொல்கத்தா வென்றது. அவர் சொன்னது சரியா தவறா என்று ஆறு ஆண்டுகளாக எனக்கு விளங்கவில்லை.

ஜீஜே ரசிகன்

கதவடைத்த இறுதி அவர்களுக்கு: காயல் வந்தபின் நமக்குக் கிடைத்தது ஏறத்தாழ 12 லீக் ஆட்டங்கள். அதாவது இந்த முறை முழு சீசனே அந்த அளவுதான். முதல் ஆட்டத்திலிருந்தே அந்த வேகம் வேண்டும், மெதுவாகச் சூடுபிடிப்பதற்கு இடமே இல்லை. பயிற்சியாளர் சொன்ன 20 புள்ளியை நானும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் ஐந்து ஆட்டங்களில் 7 புள்ளிகளாவது வராவிட்டால் நாம் 10ஆம் இடத்துக்கு மேலே போக மாட்டோம் என்பது என் கணிப்பு. சைதைவாசி மறுப்பதாக இருந்தால், எந்த அணிகளிடமிருந்து அந்தப் புள்ளிகள் வரும் என்று அட்டவணையைப் பார்த்து எழுதட்டும்.