லைக்கனின் பெயர் யாருக்குச் சொந்தம்? டி.என்.ஏ. பிரிப்பு களத்துக்கு உதவுகிறதா?

யாழினி

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும், அதற்கு ஒளியில் உணவு தயாரித்துத் தரும் பாசியோ சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரியோ சேர்ந்து ஓருடலாக வாழும் கூட்டுயிர். லைக்கன் வகைப்பாடு டி.என்.ஏ.வின் பின்னால் போகத் தொடங்கியதிலிருந்து, கையில் லென்ஸோடு மரத்தடியில் நிற்பவர்களுக்கு அது எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது.

கோராவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய, தென் அமெரிக்க மலைகளில் மண்மீதும் மரத்திலும் விசிறி விசிறியாக வளரும் லைக்கன். நனைந்திருந்தால் நீலம் கலந்த பச்சை, காய்ந்தால் வெளிறிய சாம்பல். ரொம்ப காலமாக இதை ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். 2014-ல் லைக்கன் ஆய்வாளர் ராபர்ட் லூக்கிங்கின் குழு டி.என்.ஏ. வரிசைகளைப் பார்த்துவிட்டு, இது 126 இனங்கள் என்றது. முழுதாகத் தேடினால் 452 வரை போகலாம் என்றும் கணித்தது. அப்புறம் 2017-ல் ஒரே கட்டுரையில் 70 புதிய கோரா இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

என் கேள்வி இதுதான்: ஆய்வகத்துக்கு அனுப்பாமல் சொல்லவே முடியாத பெயரை வைத்துக் களத்தில் என்ன செய்வது? 1866-ல் லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர் பாரிஸில் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களைப் பார்த்தே, லைக்கன் காற்றின் தூய்மைக்கு அளவுகோல் என்று சொன்னார். 1970-ல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் மரப்பட்டைகளில் எந்த லைக்கன் இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்துக் கந்தக டை ஆக்சைடு மாசை அளக்கும் படிநிலை தந்தார்கள். இரண்டுமே கண்ணால் பார்த்துச் செய்த வேலை. அந்த வழியை அடைத்துவிடாதீர்கள்.

முகிலன்

யாழினி, கோராவை உதாரணமாக எடுத்ததுதான் சிக்கல். அந்த இனங்கள் கண்ணுக்குத் தெரியாதவை அல்ல, யாரும் உற்றுப் பார்க்காதவை. உலர்த்திக் காகித உறையில் போட்டுவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். உயிரோடு இருக்கும்போது பார்த்தால் மடலின் அகலம், விளிம்பின் நிறம், மேற்பரப்பில் நுண்மயிர் இருக்கிறதா, மண்ணில் வளர்கிறதா கிளையிலா என்று வேறுபாடுகள் வரிசையாக வரும். டி.என்.ஏ. செய்தது, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியதுதான்.

பாதுகாப்பு என்ற கோணமும் இருக்கிறது. ஒரு கண்டம் முழுக்கப் பரவிய ஒரே இனம் என்று எழுதி வைத்திருந்தால் அதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதுவே நூற்றுக்கணக்கான இனங்கள், பலவும் சிறிய பரப்புக்குள் மட்டும் வாழ்பவை என்று தெரிந்தால், ஒரு மலைச்சரிவை உழுவதுகூட ஓர் இனத்தை அழித்துவிடலாம். பழைய பெயரில் அந்த இழப்பு பதிவுக்கே வராது.

கதிர்

நீங்கள் இரண்டு பேரும் பூஞ்சையை எப்படிப் பிரிப்பது என்றுதான் சண்டை போடுகிறீர்கள். லைக்கன் வெறும் பூஞ்சையா?

மேற்கு வட அமெரிக்காவில் ஊசியிலை மரங்களில் தலைமுடி போலத் தொங்கும் பிரையோரியா என்ற பேரினத்து லைக்கன்கள் இரண்டு உண்டு. ஃப்ரெமான்டி பழுப்பு. டார்டுவோசா மஞ்சள் சாயல் கொண்டது. வல்பினிக் அமிலம் இருப்பதால் நச்சு. முதன்மைப் பூஞ்சை இரண்டிலும் ஒன்றே, பாசியும் ஒன்றே என்று மரபணு ஆய்வு காட்டியது. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? 2016-ல் டோபி ஸ்ப்ரிபில் குழு அதில் மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்தது: லைக்கனின் புறத்தோலுக்குள்ளேயே பொதிந்திருக்கும் பசிடியோமைசீட் ஈஸ்ட், அதாவது முதன்மைப் பூஞ்சையிலிருந்து வேறான ஓர் ஒற்றைச் செல் பூஞ்சை. மஞ்சள் பிரையோரியாவில் அது மிகுதியாக இருந்தது. அதன் உறவினங்கள் ஆறு கண்டங்களின் லைக்கன்களில் கிடைத்தன. நூற்றைம்பது ஆண்டுகளாக நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்த திசுவில் அது இருந்திருக்கிறது.

2020-ல் ஹாக்ஸ்வொர்த்தும் மார்ட்டின் க்ரூபும் லைக்கனின் வரையறையையே சூழல் அமைப்பு என்ற அடிப்படையில் மாற்றி எழுதினார்கள். யாழினி மேற்கோள் காட்டிய அதே ஹாக்ஸ்வொர்த்தான்.

முகிலன்

ஈஸ்ட் கண்டுபிடிப்பு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அது வந்த வேகத்தில் "எல்லா லைக்கனுக்கும் மூன்று பங்காளிகள்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2019-ல் 57 குடும்பங்களைச் சேர்ந்த 339 இனங்களின் மரபணுத் தொகுதிகளை அலசினார்கள். அந்த ஈஸ்ட் கிடைத்தது சொற்பமான மாதிரிகளில்தான். எல்லா லைக்கனுக்கும் பொதுவானது அல்ல என்பது அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. சிலவற்றில் உண்டு, பெரும்பாலானவற்றில் இல்லை என்றால், அதை லைக்கனின் இலக்கணத்தில் சேர்க்க முடியாது.

அதனால்தான் பெயரிடல் விதி தெளிவாக இருக்கிறது: லைக்கனுக்கு வைக்கும் பெயர் அதன் பூஞ்சைக்கே உரியது. இந்த அடித்தளத்தில்தான் 2017-ல் வெளியான உலக வகைப்பாடு 19,387 இனங்களை 995 பேரினங்களில் அடுக்கியது. ஒவ்வொரு லைக்கனையும் அதில் குடியிருக்கும் அத்தனை உயிரிகளையும் சேர்த்துத்தான் பெயரிட வேண்டும் என்றால் இப்படி ஒரு பட்டியலை நினைத்தும் பார்க்க முடியாது.

கதிர்

பெயர் யாருக்கு என்பது விதி. உயிர் எப்படி வாழ்கிறது என்பது உண்மை. விதியைக் காட்டி உண்மையை மூடக் கூடாது.

ரிகாசோலியா ஆம்ப்ளிசிமா என்ற லைக்கனை நேரில் பார்த்திருந்தால் புரியும். உள்ளங்கையைவிடப் பெரிய, சாம்பல் பச்சையான அகன்ற மடல்கள். அவற்றின் நடுவே அங்கங்கே கரும்பழுப்பில் குட்டிப் புதர்கள், நுனி நுனியாகக் கிளைத்து நிற்கும். அகன்ற மடலில் பங்காளி பச்சைப் பாசி, புதரில் பங்காளி சயனோபாக்டீரியா. பூஞ்சை ஒன்றேதான். அந்தப் புதர் தனியாகவும் வளரும் என்பதால் அதை டென்ட்ரிஸ்கோகாலான் என்று தனிப் பேரினமாகவே வைத்திருந்தார்கள். ஒரே பூஞ்சைக்கு இரண்டு உடல், இரண்டு உணவு வழி. சயனோபாக்டீரியா இருக்கும் உடல் காற்றிலிருந்து நைட்ரஜனை நிலைப்படுத்தும். சூழலியலுக்கு இந்த வேறுபாடு சின்னதா?

தட்பவெப்பத்தைப் பாருங்கள். லைக்கன்களில் மிகப் பரவலான பாசி ட்ரெபூக்ஸியா. 2022-ல் வந்த ஆய்வின்படி அதன் வெப்பநிலை விருப்பம் மாறும் வேகம், பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு டிகிரி செல்சியஸுக்கும் குறைவு. இப்போது புவி சூடாகும் வேகம் எங்கே, அது எங்கே! ஒரு காட்டின் லைக்கன்கள் தாக்குப்பிடிக்குமா என்று தெரிய, உள்ளே எந்தப் பாசி என்று தெரிந்தாக வேண்டும். உங்கள் 19,387 பெயர்களில் ஒன்றுகூட அதைச் சொல்லாது.

செல்வி

இடையில் ஒரு சந்தேகம். பாசிக்கு ஏற்கெனவே தனிப் பெயர் இருக்கிறதுதானே? அப்புறம் ஏன் லைக்கனின் பெயரிலும் அதைச் சேர்க்க வேண்டும்?

முகிலன்

சரியான கேள்வி செல்வி. பாசிக்குத் தனிப் பெயர் உண்டு, இருக்கவும் வேண்டும். ட்ரெபூக்ஸியாவில் டி.என்.ஏ. வழியாகப் பிரித்தறிந்த வம்சங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் முறையான பெயர் இல்லை. வேலை பாக்கி இருப்பது அங்கேதான். பூஞ்சையின் பெயரை மாற்றுவதில் இல்லை.

கதிர் சொன்ன ரிகாசோலியா என் வாதத்தைத்தான் தாங்குகிறது. பங்காளி மாறினால் உடல் மாறுகிறது, ஆனால் பூஞ்சை நிலையாக இருக்கிறது. இன்னும் தெளிவான ஒன்று: வட ஐரோப்பாவில் ஸ்டிக்டிஸ் என்ற பூஞ்சை ஆஸ்பென் மரப்பட்டையில் பாசியோடு சேர்ந்து லைக்கனாக வாழும். பட்டை போன வெறும் கட்டையில் அதே இனம் பாசியே இல்லாமல், மட்கும் மரத்தை உண்ணும் மட்குண்ணியாக வாழும். 2004-ல் மாட்ஸ் வெடின் குழு இதைக் காட்டியது. கூட்டணியை வைத்துப் பெயரிட்டால், ஒரே உயிரிக்குக் கட்டையில் ஒரு பெயர், பட்டையில் ஒரு பெயர் என்று ஆகிவிடும்.

யாழினி

பேச்சு என் கேள்வியை விட்டு விலகிப்போய்விட்டது. முகிலன், "உற்றுப் பார்த்தால் தெரியும்" என்பது கோராவுக்குப் பொருந்தலாம், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பிரையோரியாவிலேயே இம்ப்ளெக்ஸே என்று ஒரு பிரிவு. அதில் வேதிப்பொருளையும் உருவத்தையும் வைத்துப் பல இனங்களைப் பிரித்திருந்தார்கள். 2019-ல் மரபணுக்களைப் பார்த்தபோது அந்தக் கோடுகள் பலவும் பொருந்தவில்லை, பல பெயர்கள் ஒன்றாகச் சேர்ந்தன. ஓரிடத்தில் டி.என்.ஏ. நூறாகப் பிரிக்கிறது, இன்னோரிடத்தில் ஒன்றாகச் சேர்க்கிறது. அந்த முடிவுகளும் எந்த மரபணுப் பகுதியை, எத்தனை பகுதிகளைப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தவை. கோராவின் எண்ணிக்கை ஐ.டி.எஸ். என்ற ஒற்றைப் பகுதியின் மேல் நிற்கிறது. அதற்காகக் களப் பட்டியலை ஒவ்வொரு முறையும் திருத்தி எழுத முடியுமா?

களத்துக் கருவிகள் எளிமையானவைதான், ஆனால் பலவீனமானவை அல்ல. சாந்தோரியா பாரியெட்டினா என்ற லைக்கனின் ஆரஞ்சு மடலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு வையுங்கள், கண் முன்னாலேயே சிவந்த ஊதாவாக மாறும். பரியெட்டின் என்ற ஆரஞ்சு நிறமி இருப்பதற்கு அதுவே சாட்சி. இதைப் பள்ளி மாணவர்கூடச் செய்யலாம். கந்தக மாசைத் தாங்கிப் பெருகிய லெகனோரா கோனிசியாய்டஸ் என்ற லைக்கன், காற்று தெளிந்தபோது அருகிப்போனது என்பதும் இப்படிக் கண்ணால் எண்ணிய பதிவுகளிலிருந்து வந்ததுதான்.

நான் கேட்பது இவ்வளவுதான்: களத்தில் பிரிக்க முடியாத இனங்களுக்கு ஒரு கூட்டுப் பெயரை அதிகாரபூர்வமாகவே வைத்திருங்கள். பிரித்த பெயர்கள் அதற்குக் கீழே இருக்கட்டும்.

முகிலன்

கூட்டுப் பெயருக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரு நிபந்தனை இருந்தால். கூட்டுப் பெயரில் பதிவு செய்கிறவர், இனத்தின் எண்ணிக்கை அங்கே அனுமதிக்கும் பட்சத்தில், சிறு துண்டு மடலையாவது உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி ஓர் உலர்தாவரகத்தில், அதாவது உலர்ந்த மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில், சேர்க்க வேண்டும். வெறும் பட்டியல் மட்டும் மிஞ்சினால், இருபது ஆண்டு கழித்து அங்கே இருந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

கதிர்

இதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். அந்தத் துண்டில் பூஞ்சையோடு பாசியும் இருக்கும், ஈஸ்ட் இருந்தால் அதுவும் இருக்கும். அதனால் டி.என்.ஏ. வரிசை எடுக்கும்போது பூஞ்சையோடு நிறுத்தாதீர்கள். பாசியின் வரிசையையும் அதே பதிவில் ஏற்றுங்கள். பெயர் யாருக்கு என்பதில் நான் முகிலனோடு இன்னமும் உடன்படவில்லை.

யாழினி

துண்டு எடுப்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பாறையோடு ஒட்டிய ஓட்டு லைக்கன்களில் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். சிலவற்றின் வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அவற்றுக்கு மட்டும் படமும் வேதிச் சோதனையும் போதும் என்று எழுதிக்கொள்வோமா? மற்றவற்றுக்கு முகிலனின் நிபந்தனை இருக்கட்டும்.