சித்தி வீட்டுப் பாம்பு

சித்தி, காலை 6.12: நேற்றிரவு 2 மணிக்குக் குளியலறை வாசலில் ஒரு சாண் நீளப் பாம்பைப் பார்த்தேன். இவர் எழுந்து வருவதற்குள் வாஷிங் மெஷினுக்கு அடியில் நுழைந்துவிட்டது. பாம்பு பிடிப்பவரின் எண் யாரிடம் இருக்கிறது?

பாட்டி: நாகாத்தம்மனுக்கு முடிந்துவைத்த காசை நீ இன்னும் செலுத்தவில்லை.

தம்பி: அம்மா, அது என்னுடைய கல் ஆரல் மீன். தொட்டியில் காணவில்லை.

மாமா: கிரகப்பிரவேசத்துக்கு நான் கொடுத்த 12 கப்பி மீன்களையும் விழுங்கிய அதே ஆரல்தானே?

சித்தி: கப்பியைத் தவிர வேறென்ன கொடுத்தாய் என்று என்னைக் கேட்க வைக்காதே.

பெரியப்பா: பதற வேண்டாம் அம்மா. ஆரல் பகலெல்லாம் மணலில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு, இரவில்தான் இரை தேடிப் புறப்படும். ஃபில்டர் குழாய் நுழைகிற விரலளவு இடைவெளியே அது வெளியேறப் போதும். தம்பி, முதுகுத் துடுப்புக்கு முன்னால் வரிசையாக முள் இருக்கிறது. ஈரத் துண்டால் சுற்றி எடு.

தம்பி: அதற்குள் அப்பா வெறுங்கையால் பிடித்து முள் குத்திக்கொண்டார். உடல் முழுக்கத் தூசியும் தலைமுடியும் ஒட்டியிருக்கின்றன. மூக்கு மட்டும் அசைகிறது.

பெரியப்பா: குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், தொட்டித் தண்ணீரிலேயே அலசி விடு. செதில் மிகச் சிறியது என்பதால், கடையில் தருகிற செம்பு கலந்த மருந்து அதற்கு ஆகாது. சரளைக் கல்லில் புதைய முயன்றால் தோல் கிழிந்து புண்ணாகும் என்பதால் அதையும் அள்ளிவிட்டு நைசான ஆற்று மணலைப் போடு. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கும்போது பென்சில் அளவு இருந்த இந்தக் கல் ஆரல் ஆற்றில் 90 செ.மீ. வரை வளரக்கூடியது, உன் தொட்டியோ 2 அடிதான்.

பாட்டி: வாய்க்கால் வற்றும்போது சேற்றிலிருந்து அள்ளி வந்து, சாம்பல் தேய்த்துக் கழுவிக் குழம்பு வைப்போம். வளரட்டும்.

தம்பி: பாட்டி!

மாமா: என் 4 அடித் தொட்டி காலியாகத்தான் கிடக்கிறது, நான் கொண்டுபோகிறேன்.

சித்தி: முதலில் உன் மனைவியிடம் கேட்டுவிட்டுச் சொல்.

மாமா: ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

தம்பி: மணலுக்குள் போய்விட்டது. மூடி மேல் பாரம் வைத்திருக்கிறேன். (படம்)

பெரியம்மா: அந்தப் படத்தில் தொட்டியின் மேல் கவிழ்ந்திருப்பது உன் கல்யாணத்துக்கு நான் வைத்த சீர்த் தாம்பாளமா?

சித்தி: அத்தான், உலர்ந்த தீனியை இது தொடுவதே இல்லை. மண்புழு எங்கே கிடைக்கும்?